உங்களுக்கு மணிக்கூலி, அவருக்கு மாதச் சம்பளம்: வீட்டுச் செலவை எப்படிப் பிரிப்பது?

கேள்வி:

நான் ஒரு கடையில் மணிக்கூலிக்கு வேலை பார்க்கிறேன். மணிக்கு 100, வாரா வாரம் சம்பளம். அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்பது முந்தைய வாரக் கடைசியில்தான் தெரியும். ஒரு மாதம் 150 மணி நேரம் கிடைக்கும், இன்னொரு மாதம் 90தான். சராசரியாக 125 என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 4 மணி நேர ஷிப்ட். போக வர ஒன்றரை மணி நேரம், பஸ்ஸுக்கு 40. கடை சாத்திய பிறகு கல்லாக் கணக்குப் பார்க்க அரை மணி நேரம் நிற்க வேண்டும், அதற்குக் காசு கிடையாது.

என் கணவருக்கு வாரம் 40 மணி நேர வேலை. பிடித்தம் போக மாதம் 24,000 கைக்கு வருகிறது. வாடகை, மளிகை, பள்ளி, கரண்ட் எல்லாம் சேர்த்துப் பொதுச் செலவு 22,000. கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம் என்பதால் பாதிப் பாதி போட ஆரம்பித்தோம். இன்றும் அப்படித்தான். இப்போது பல மாதம் அவரிடமே கைமாற்று வாங்கி அடுத்த மாதம் திருப்பிக் கொடுக்கிறேன். "உனக்குச் செலவைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை" என்கிறார்.

ராத்திரி ஷிப்ட் வந்தால் மணிக்கு 125 தருவதாகச் சொல்கிறார்கள். அவரும் அந்த நேரத்தில் வேலையில் இருப்பதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும், அதற்கு மணிக்கு 50. வேறொரு இடத்தில் மாதம் 12,000 சம்பளத்துக்கு முழுநேர வேலையும் இருக்கிறது. நான் எதைச் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கி, எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன். நாணயத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். எந்த ஊர்க் காசாக இருந்தாலும் இந்தக் கணக்கு இப்படித்தான் வரும்.

முதலில் கைமாற்று விஷயத்துக்கு வருகிறேன். 150 மணி நேரம் கிடைத்த மாதத்தில் உங்கள் கையில் 15,000. பாதிப் பங்கு 11,000 போனால் மிச்சம் 4,000. 90 மணி நேர மாதத்தில் 9,000தான் வருகிறது. பங்கைக் கொடுக்கவே 2,000 குறைகிறது. அதைக் கணவரிடம் வாங்குகிறீர்கள். அவருக்கோ எந்த மாதமானாலும் 13,000 மிச்சம். அந்த 2,000 உங்கள் கடனே இல்லை. உங்கள் குடும்பத்துக்கு அந்த மாதம் வருமானம் குறைந்தது, அதை உங்கள் பெயரில் கடனாக எழுதிவைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதில் செலவைக் கட்டுப்படுத்தத் தெரியாதது எங்கே வந்தது?

இதே கணக்கை மணி நேரத்தில் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 52 வாரம், அதை 12 மாதத்துக்கு வகுத்தால் மாதத்துக்கு 4.33 வாரம். வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 173 மணி நேரம். உங்கள் கணவரின் 24,000-ஐ 173-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 139. அவருக்கு 11,000 என்பது 79 மணி நேர உழைப்பு. உங்களுக்கு அதே 11,000 என்பது 110 மணி நேரம். குறைந்த மாதத்தில் உங்களுக்குக் கிடைப்பதே 90 மணி நேரம்தான். இல்லாத 20 மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது உங்கள் வீட்டு ஒப்பந்தம். இதைப் பாதிப் பாதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாதிரிக் கடிதத்துக்குப் பலரும் சட்டென்று சொல்லும் பதில், வருமான விகிதப்படி பிரித்துக்கொள்ளுங்கள் என்பது. பாதிப் பாதியைவிட அது நல்லதுதான். ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது. நல்ல மாதத்தை வைத்து விகிதம் போட்டால் 15,000-க்கு 24,000. உங்கள் பங்கு சுமார் 8,460 ஆகிறது. அதே பங்கை 9,000 வரும் மாதத்திலும் கொடுத்தால் கையில் நிற்பது 540. செலவின் அளவு மாறியதே தவிர, சம்பளம் ஏறி இறங்குவதால் வரும் அடி முழுவதும் உங்கள் மேலேயே விழுகிறது. என் யோசனை இதுதான்: செலவைப் பகிர்வதோடு நிற்காமல், இந்த ஏற்ற இறக்கத்தையும் இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

எப்படி என்றால், கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியைப் பாருங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் 9,000 பக்கம் வரும் என்று நினைக்கிறேன். அதையே உங்கள் அடிப்படை வருமானமாக வைத்து விகிதம் போடுங்கள். 9,000-க்கு 24,000, மொத்தம் 33,000. பொதுச் செலவு 22,000 என்பது அதில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் பங்கு 6,000, அவர் பங்கு 16,000. எந்த மாதமானாலும் இதுவே. வீட்டு உரிமையாளருக்கு உங்கள் ஷிப்ட் பட்டியலைப் பற்றிக் கவலை கிடையாது, அதனால் தேதி தவறாமல் போக வேண்டிய பணம் நிலையான தொகையாகவே இருக்கட்டும்.

"நான் 16,000, நீ வெறும் 6,000-ஆ?" என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், கோபப்பட வேண்டாம். இரண்டு பேருமே சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கிறீர்கள், மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொள்கிறீர்கள் என்று காட்டுங்கள். மணி நேரக் கணக்கிலும் அப்படியே: உங்கள் 90-இல் 60, அவருடைய 173-இல் 115.

9,000-க்கு மேல் உங்களுக்கு வருவதில் பாதியை வீட்டுச் சேமிப்பு என்று தனியாக ஒரு கணக்கில் போடுங்கள், மீதிப் பாதி உங்களுடையது. சராசரி மாதம் 12,500 என்றால் சேமிப்புக்குப் போவது 1,750. அவரும் மாதாமாதம் 1,500 போடட்டும். இப்படிப் போனால் ஏழு மாதத்தில் ஒரு மாதப் பொதுச் செலவு, அதாவது 22,000, சேர்ந்துவிடும். உடம்பு சரியில்லாமலோ, கடையில் ஷிப்ட்டை ரத்து செய்தோ உங்கள் வருமானம் 9,000-க்குக் கீழே போனால் குறையும் தொகையை அந்தக் கணக்கு கொடுக்கும். நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அவருக்கு வேலை போனாலும் அதே கணக்குதான் முதலில் கைகொடுக்கும். இந்தக் கடைசி வரியை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாதச் சம்பளக்காரர்கள் தங்கள் வருமானம் அசையாது என்று நம்பிவிடுவார்கள். அவர்களுக்கு அது சின்னச் சின்னதாக அசையாது, அசைந்தால் ஒரேயடியாகத்தான்.

உங்கள் நல்ல மாதங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாரச் சம்பளக்காரர்கள் பலர் மாதத்துக்கு நான்கு வாரம் என்று கணக்குப் போட்டு வாழ்கிறார்கள். வருடத்தில் குறைந்தது நான்கு மாதங்களில் ஐந்து சம்பள நாள் வரும். வாரம் 30 மணி நேரம் வேலை செய்தால் நான்கு சம்பள நாள் உள்ள மாதத்தில் 120 மணி நேரம், ஐந்து உள்ள மாதத்தில் 150. கூடுதலாக ஷிப்ட் எதுவும் பார்த்திருக்க மாட்டீர்கள், காலண்டர் கொடுத்த நல்ல மாதம் அது. அந்த ஐந்தாவது வாரச் சம்பளத்தைப் புதுச் செலவில் விடாமல், வருடத்துக்கு ஒருமுறை வரும் பள்ளிக் கட்டணம், காப்பீடு மாதிரியான செலவுகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் அந்தச் செலவு வரும்போது கை நடுங்காது.

உங்கள் கணவர் சொன்னதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். 1857-இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் குடும்ப வரவு செலவுகளை ஆராய்ந்து, வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று எழுதினார். இன்றுவரை நாடு நாடாகப் பார்த்தும் இது பெரும்பாலும் பொய்க்கவில்லை. 24,000-இல் 13,000 மிச்சம் வைத்திருப்பவர் எளிதாகக் குறைக்கக்கூடிய செலவுகள், 9,000 சம்பாதிப்பவரிடம் இருக்கவே இருக்காது. அது மட்டுமில்லை. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன்பு கையில் பணமில்லாத நாட்களில் யோசனைத் திறனைச் சோதித்தபோது, அறுவடைப் பணம் வந்த பிறகு எடுத்ததைவிட அதே மனிதர்கள் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். பணத் தட்டுப்பாடு யோசிக்கும் திறனையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மாதக் கடைசியில் நீங்கள் எடுத்த ஒன்றிரண்டு முடிவுகள் தப்பாகப் போயிருந்தால் அதைக் குணக்குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, இப்போது ஷிப்ட் விஷயம்.

மணிக்கு 100 என்பது காகிதத்தில் உள்ள கூலி. 4 மணி நேர ஷிப்ட்டுக்கு 400. பஸ் 40 போனால் 360. அதற்காக வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை நீங்கள் கொடுப்பது 6 மணி நேரம். ஆக, மணிக்கு 60. இதுவே 8 மணி நேர ஷிப்ட் என்றால் 760, கொடுப்பது 10 மணி நேரம், மணிக்கு 76. இரண்டு சின்ன ஷிப்ட் பார்த்தால் 12 மணி நேரத்துக்கு 720, ஒரே பெரிய ஷிப்ட் பார்த்தால் 10 மணி நேரத்துக்கு 760. அதனால் சூப்பர்வைசரிடம் "கூடுதல் ஷிப்ட் கொடுங்கள்" என்று கேட்பதைவிட, "குறைந்த நாளில் நீளமான ஷிப்ட் கொடுங்கள்" என்று கேளுங்கள். பல இடங்களில் மேலாளருக்கும் அது சௌகரியம், ஆள் மாற்றும் தொல்லை குறையும்.

ராத்திரி ஷிப்ட்டில் 4 மணி நேரத்துக்கு 500 வரும். பஸ் 40, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு 6 மணி நேரத்துக்கு 300. மிச்சம் 160, மணிக்கு 27 கூட முழுதாக இல்லை. மணிக்கு 125 என்ற எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். உங்கள் கணவர் வீட்டில் இருக்கும் நாளில் அதே ஷிப்ட் கிடைத்தால் மணிக்கு 76-க்கு மேல் நிற்கும். அப்போது தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தைப் பராமரிப்புச் செலவை உங்கள் கூலியில் கழித்ததைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஷிப்ட் குடும்பத்துக்கு லாபமா என்று பார்க்க மட்டுமே அப்படிக் கழித்தேன். யார் கொடுப்பது என்று வந்தால் அது பொதுச் செலவு, வாடகை மாதிரி. அம்மா வேலைக்குப் போவதால் வரும் செலவு என்று அதை உங்கள் தலையில் எழுத யாருக்கும் உரிமை இல்லை. அப்பா வேலைக்குப் போவதாலும்தான் அது வருகிறது.

அது அம்மாவின் செலவு என்ற எண்ணத்துக்குப் பழைய வேர் உண்டு. 1907-இல் ஆஸ்திரேலியாவில் நீதிபதி ஹிக்கின்ஸ் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். ஒரு தொழிலாளியின் கூலியை முதலாளியின் வசதியை வைத்துப் பார்க்காமல், ஒரு குடும்பம் கௌரவமாக வாழ என்ன தேவை என்பதை வைத்து முடிவு செய்து, நாளுக்கு 7 ஷில்லிங் என்றார். கூலி வரலாற்றில் பெரிய அடி அது, எனக்குப் பிடித்த தீர்ப்பும்கூட. ஆனால் அவர் மனதில் இருந்தது ஓர் ஆண், அவன் மனைவி, மூன்று குழந்தைகள். மனைவியின் சம்பளம் அந்தக் கணக்கிலேயே இல்லை. பெண் சம்பாதிப்பது கூடுதல் காசு என்ற நினைப்பு அப்புறமும் வெகுகாலம் ஓடியது, பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையையும் பராமரிப்பையும் பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலக அளவில் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள். நீங்கள் 4 மணி நேர ஷிப்ட்களிலேயே சிக்கிக்கொண்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பங்கு பிரிக்கும்போது இதையும் மேசையில் வைக்கலாம்.

கல்லாக் கணக்குக்காக நிற்கும் அரை மணி நேரத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணை உறுத்தியது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை நேரம் எது என்பதற்கு 1930-லேயே ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்துவிட்டது. முதலாளியின் வசம் நீங்கள் இருக்கும் நேரம் வேலை நேரம் என்பது அதன் வரையறை. எல்லா நாடும் அதில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் சொல்லி நிற்கவைத்த நேரத்துக்குக் கூலி உண்டு என்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன. 125 மணி நேரம் என்பது சுமார் 31 ஷிப்ட். அரை மணி வீதம் 15 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, மாதம் 1,550. ராத்திரி ஷிப்ட் பத்துக்கு அருகில் பார்த்தால் கையில் மிஞ்சும் பணம் இது.

இன்றிலிருந்தே வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு மேலாளரிடம் அமைதியாகக் காட்டிக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால் உங்களோடு நிற்பவர்களையும் எழுதச் சொல்லுங்கள், அந்த அரை மணி அவர்களுக்கும்தானே போகிறது. மறுத்தால் உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ அந்த நோட்டைக் காட்டலாம். வாயால் சொல்வதைவிடத் தேதியோடு எழுதியதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

மணிக்கூலி உயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 1894-இல் நியூசிலாந்தில் தொடங்கி, அமெரிக்காவில் 1938-இல் மணிக்கு 25 சென்ட், பிரிட்டனில் 1999, ஜெர்மனியில் 2015 என்று ஒவ்வொரு நாடாகக் குறைந்தபட்சக் கூலி வந்தது. தொழிற்சாலை போன்ற இடங்களில் நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்ற உச்ச வரம்பு 1919-இல் வந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது இவ்வளவு, ஒரு வாரத்தில் அதிகபட்சம் இவ்வளவு நேரம் என்று சட்டம் சொல்லும். குறைந்தது இத்தனை மணி நேரம் வேலை கொடு என்று சொல்லும் சட்டம் அபூர்வம். கூலி 10 சதவீதம் ஏறி, வாரம் 30 மணி நேரம் 26 ஆனால் உங்கள் கைக்கு வருவது 3,000-லிருந்து 2,860 ஆகக் குறையும். அதனால் கூலி உயர்வைப் பேசும்போதெல்லாம், குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். ஷிப்ட் பட்டியல் இரண்டு வாரம் முன்னால் கிடைத்தாலே உங்கள் பாதிக் கவலை தீரும், அதற்கு அவர்களுக்குக் காசு எதுவும் செலவாகாது.

கடைசியாக அந்த 12,000 சம்பள வேலை. வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் 173 மணி நேரம், மணிக்கு 69. அங்கேயும் போக வர ஒன்றரை மணி நேரம், கணக்கு ஒப்படைக்க அரை மணி என்று வைத்து, 22 நாளைக்குக் கூட்டினால் மொத்தம் 217 மணி நேரம். பஸ்ஸுக்கு 880 போனால் நிற்பது 11,120. இப்போதைய சராசரி மாதத்தில் 31 ஷிப்ட்டுக்கு நீங்கள் கொடுப்பது சுமார் 187 மணி நேரம், பஸ் போக நிற்பது 11,250 பக்கம். கிட்டத்தட்ட அதே பணத்துக்கு மாதம் 30 மணி நேரம் கூடுதலாக உழைக்கப் போகிறீர்கள். நிலையான வருமானத்துக்காக நீங்கள் கொடுக்கும் விலை அந்த 30 மணி நேரம். அந்த நேரத்தில் குழந்தையைப் பார்க்க ஆள் வைக்க வேண்டும் என்றால் விலை இன்னும் ஏறும்.

வீட்டுச் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்துவிட்டால் அந்த நிலைத்தன்மையில் பெரும்பகுதி உங்களுக்கு வீட்டிலேயே கிடைக்கும். அதனால் இந்தக் கணக்கில் நான் சம்பளத்தைவிட விடுப்பைத்தான் பார்ப்பேன். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா, 40 மணி நேரத்துக்கு மேல் நிற்கவைத்தால் ஓவர்டைம் உண்டா என்று அந்த இடத்தில் நேராகக் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று நியமனக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் போகலாம். வாய்வார்த்தையாகச் சொன்னால், இப்போதைய கடையில் நீளமான ஷிப்ட்டும் அந்த அரை மணி நேரக் கூலியும் கேட்டு, ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள்.